மெல்ல முற்றும் கல்லீரல் நோய்க்கு மருந்து ஆய்வு: எந்த அளவுகோலை நம்பலாம்?

கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள ஒருவருக்கு, கல்லீரலில் விழும் தழும்பு ஒரு படி முற்றுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகள் ஆகின்றன. நான்காவது படிதான் சிரோசிஸ். சிரோசிஸ் வந்துவிட்டாலும் கல்லீரல் உடனே கைவிட்டுவிடுவதில்லை. வயிற்றில் நீர் கோக்காமல், ரத்த வாந்தி எடுக்காமல், மனக்குழப்பம் வராமல் இருக்கும் கட்டத்தில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 12 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். மருந்து ஆய்வு ஒன்று ஒன்றரை ஆண்டு நடக்கும், மிஞ்சினால் நான்கைந்து ஆண்டு நடக்கும். நோயின் கடிகாரமும் ஆய்வின் கடிகாரமும் ஒத்துப்போவதே இல்லை.

அப்படியென்றால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு இன்று நான்கு விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மரணம், கல்லீரல் மாற்றுச் சிகிச்சை, நீர்கோத்தல் போன்ற உண்மையான விளைவுகள் வரும்வரை காத்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை எண்களை நம்பலாம். பயாப்சி செய்து, அதாவது ஊசியால் கல்லீரலில் சிறு துண்டு எடுத்து, தழும்பு குறைந்ததா என்று பார்க்கலாம். ஊசியே போடாமல் ஃபைப்ரோஸ்கேன் போன்ற கருவியால் கல்லீரலின் விறைப்பை அளக்கலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆய்வின் அளவு, செலவு, காலம் எல்லாம் மாறும். நோயாளிக்குக் கையில் கிடைப்பது பயன்தரும் மருந்தா, எண்ணை மட்டும் அழகாக்கும் மருந்தா என்பதும் மாறும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதுவும் தனித்து நிற்கத் தகுதியானதில்லை. ஆனால் எல்லாம் சமமும் இல்லை. சிரோசிஸ் வந்தும் நீர்கோத்தல், ரத்த வாந்தி, மனக்குழப்பம் போன்ற சிக்கல் இன்னும் வராதவர்களைத் தேர்ந்தெடுத்து, முதல் சிக்கல் எப்போது வருகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கே நான் அதிக மதிப்பு தருவேன். ரத்த எண்ணையோ பயாப்சியையோ வைத்துத் தற்காலிக அனுமதி தருவதை எதிர்க்க மாட்டேன். ஆனால் அந்த நீண்ட ஆய்வில் ஆட்கள் முழுமையாகச் சேர்ந்து முடிந்த பிறகே அனுமதி வர வேண்டும். ஏன் இந்த நிபந்தனை என்பதைக் கடந்த இருபது ஆண்டு அனுபவமே சொல்லும்.

காத்திருந்து பார்ப்பது

இதுதான் நேர்மையான வழி. நோயாளிக்கு எது முக்கியமோ அதையே அளக்கிறோம். தொல்லை, கணக்கில் இருக்கிறது.

ஒரு மருந்து ஆபத்தைக் கால்பங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க, வழக்கமான புள்ளியியல் கணக்கில், மருந்து எடுப்போர், எடுக்காதோர் என இரு குழுக்களிலும் சேர்த்துச் சுமார் 380 பேருக்கு அந்த மோசமான விளைவு நிகழ்ந்தாக வேண்டும். ஆரம்பக் கட்ட நோயாளிகளில் ஆண்டுக்கு 100க்கு 2 பேருக்குத்தான் அது நிகழ்கிறது என்றால், நான்கு ஆண்டு ஆய்வுக்கு 5,400 பேர் வேண்டும். அதையே ஆண்டுக்கு 6 பேருக்கு நிகழும் கூட்டத்தில் செய்தால் 1,800 பேர் போதும். மருந்து வலுவானதாக இருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைத்தால், 380 என்ற எண் 65க்கு இறங்கிவிடும். நடுவில் விலகுபவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. நிஜத்தில் எல்லா எண்களும் இன்னும் கூடும். கொழுப்புக் கல்லீரல் போன்ற பரவலான நோய்க்கே 5,400 பேரைச் சேர்ப்பது பெரும்பாடு. பித்தக்குழாய் சார்ந்த அரிய நோய்களுக்கு அது நடக்காத காரியம்.

அதனால் யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்பெயினில் நடந்த ப்ரெடெஸ்கி ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019இல் அதன் முடிவு வெளியானது. சிரோசிஸ் உள்ள எல்லோரையும் அவர்கள் சேர்க்கவில்லை. கழுத்து ரத்தநாளம் வழியாகக் குழாய் செலுத்திக் கல்லீரல் ரத்தநாளத்தின் அழுத்தத்தை அளந்தார்கள். அந்த அழுத்த வேறுபாடு 10 மில்லிமீட்டர் பாதரசமோ அதற்கு மேலோ இருந்து, இன்னும் சிக்கல் வராதவர்களை மட்டும் எடுத்தார்கள். மொத்தம் 201 பேர்தான். பாதிப் பேருக்கு அந்த அழுத்தத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக மூன்று ஆண்டு பின்தொடர்ந்ததில், சிக்கலோ மரணமோ நேர்ந்தது மருந்துக் குழுவில் 16 சதவீதம், மற்றதில் 27 சதவீதம். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மலிவான ஒரு மருந்தின் பயன் 201 பேரில் நிரூபணமானது. யாருக்கு விரைவில் சிக்கல் வரும் என்பதைச் சரியாகக் கணித்ததுதான் காரணம்.

ஹெபடைடிஸ் பி நோயில் லாமிவுடின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தின் ஆய்வும் இப்படித்தான். தழும்பு முற்றிய 651 பேரைச் சேர்த்தார்கள். சராசரியாக 32 மாதங்களிலேயே ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்தவர்களில் 7.8 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 17.7 சதவீதத்தினருக்கும் நோய் முற்றியிருந்தது. இனியும் வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் என்ற நிலை. 2004இல் வெளியான இந்த முடிவு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: மருந்து நோயின் வேரையே தாக்குமானால், மெல்ல முற்றும் நோயிலும் உண்மையான விளைவைக் காட்ட முடியும்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. கல்லீரல் மாற்றுச் சிகிச்சையை ஒரு விளைவாக எண்ணுகிறோம். ஆனால் அது நோயின் போக்கை மட்டும் பொறுத்ததல்ல. உறுப்பு கிடைக்கிறதா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம், மருத்துவர் எப்போது பரிந்துரைக்கிறார் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். பல நாடுகளில் நடக்கும் ஆய்வில் ஒரே நிலையில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு மாற்றுச் சிகிச்சை கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. அதனால்தான் பல ஆய்வுகள் கல்லீரல் எவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைகளிலிருந்து கணக்கிடும் மெல்ட் மதிப்பெண் 15ஐத் தொடுவதையும் ஒரு விளைவாகச் சேர்க்கின்றன. அப்புறம், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் பலர் இறப்பது இதய நோயால். மரணங்களை மொத்தமாக எண்ணினால் கல்லீரலுக்குக் கிடைத்த நன்மை அதில் கரைந்துபோகும்.

முற்றிய கட்டத்தில் ஒரு மருந்து தோற்றால், ஆரம்பக் கட்டத்திலும் அது தோற்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. தழும்பு இறுகிப்போன பிறகு, அழற்சியைக் குறைக்கும் மருந்துக்குச் செய்ய அதிகம் இருக்காது. நல்ல மருந்தையே தவறான நேரத்தில் சோதித்துக் குப்பையில் போட்டுவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

ரத்த எண்ணை நம்புவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். செலவு குறைவு, வலி குறைவு, ஓராண்டில் விடை. இதைவிட வசதியான வழி இல்லை. எண் எதைக் குறிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஹெபடைடிஸ் சி நோயில் இந்த வழி முழு வெற்றி. சிகிச்சை முடிந்து 12 வாரத்துக்குப் பிறகும் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால், நோய் குணமாகிவிட்டது என்றே பொருள். வைரஸ்தான் காரணம், காரணம் போய்விட்டது. ஆனால் பெரும்பாலான மெல்ல முற்றும் கல்லீரல் நோய்களில் அளப்பதற்கு அப்படி ஒரே காரணம் கிடையாது.

பிபிசி (PBC) என்று அழைக்கப்படும் பித்தக்குழாய் நோயை எடுத்துக்கொள்வோம். இதில் அல்கலைன் பாஸ்பேடேஸ் என்ற நொதி, பிலிருபின் என்ற பித்த நிறமி ஆகிய இரண்டின் எண்களும் வெறும் ஊகத்தில் தேர்ந்தெடுத்தவை அல்ல. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 4,845 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாக்கி 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்த எண்கள் உயர உயர மரணமும் மாற்றுச் சிகிச்சையும் கூடுகின்றன என்று காட்டியது. இந்த நோய்க்கான பழைய மருந்தான உர்சோடிஆக்சிகோலிக் அமிலத்தின் (உர்சோ) கதையும் துணைக்கு நிற்கிறது. தனித்தனி ஆய்வுகளில் உயிர்காக்கும் பயன் உறுதியாகத் தெரியவில்லை. மூன்று ஆய்வுகளின் 548 நோயாளிகளை 1997இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான், மாற்றுச் சிகிச்சை இல்லாமல் வாழும் காலம் கூடுவது தெரிந்தது.

இந்த அடித்தளத்தில்தான் பிபிசிக்கு ஒபெட்டிகோலிக் அமிலம் என்ற மருந்து வந்தது. பாய்ஸ் ஆய்வில் சுமார் 216 பேர், 12 மாதம். ரத்த எண்கள் குறித்த இலக்கை எட்டியவர்கள் மருந்துக் குழுக்களில் 46, 47 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 10 சதவீதம். 2016 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் துரித அனுமதி, அதாவது மேலே சொன்ன தற்காலிக அனுமதி, கொடுத்தது. அந்த அனுமதி என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு பழைய ஆய்வுகளைப் பார்த்தாக வேண்டும். இந்தத் துறையில் ரத்த எண்ணை நம்பும் ஒவ்வொருவரும் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது ஹால்ட்-சி. முந்தைய சிகிச்சைக்குக் கட்டுப்படாத, தழும்பு முற்றிய ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 1,050 பேர். பாதிப் பேருக்கு மூன்றரை ஆண்டு குறைந்த அளவு இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி. மருந்துக் குழுவில் கல்லீரல் நொதி குறைந்தது. வைரஸ் அளவு குறைந்தது. பயாப்சியில் அழற்சி கூடக் குறைந்தது. மூன்றும் புள்ளியியல்படி உறுதியான முன்னேற்றம். ஆனால் நோய் முற்றியவர்கள் எத்தனை பேர்? மருந்துக் குழுவில் 34.1 சதவீதம், மருந்தில்லாதவர்களில் 33.8 சதவீதம். மூன்று எண்களும் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நோய் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது இன்னும் கசப்பானது. பிஎஸ்சி (PSC) என்ற மற்றொரு பித்தக்குழாய் நோய்க்கு, உர்சோவையே உடல் எடையில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 150 நோயாளிகள். கல்லீரல் நொதிகள் வெற்று மாத்திரைக் குழுவைவிட நன்றாகவே குறைந்தன. ஓராண்டோடு ஆய்வை முடித்து ரத்த எண்ணை மட்டும் வெளியிட்டிருந்தால், அது வெற்றி ஆய்வாகவே பதிவாகியிருக்கும். ஆனால் அது நீண்ட ஆய்வு. ஆறு ஆண்டுக்குப் பிறகு அதை நிறுத்த வேண்டி வந்தது. மரணம், மாற்றுச் சிகிச்சை, உணவுக்குழாய் ரத்தநாளப் புடைப்பு, பித்தக்குழாய்ப் புற்றுநோய் போன்றவற்றைச் சேர்த்து எண்ணிய விளைவு மருந்துக் குழுவில் 39 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். எண் இறங்கியது, நோயாளிகளுக்குத் தீங்கு ஏறியது. 2009இல் இது வெளியானது.

ஆகவே ரத்த எண்ணைப் பற்றி என் நிலை இது: ஒரு நோயில், ஒரு வகை மருந்தில் அது உண்மையைச் சொன்னது என்பதற்காக, பக்கத்து நோயிலும் அடுத்த மருந்திலும் அதே மாதிரி சொல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தானாகக் குறைந்த எண்ணும் மருந்து குறைத்த எண்ணும் ஒன்றே என்று நினைப்பதில்தான் தவறு நேர்கிறது.

நோயாளி சொல்வதும் இந்த எண்ணில் வராது. பிபிசி நோயாளிகளைப் பாடாய்ப் படுத்துவது அரிப்பும் சோர்வும்தான். இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்டவருக்கு அல்கலைன் பாஸ்பேடேஸ் பாதியானது ஆறுதல் தராது. ஒபெட்டிகோலிக் அமிலம் அந்த அரிப்பைக் கூட்டியது. 2024இல் அனுமதி பெற்ற செலடெல்பார், ஆய்வில் அரிப்பைக் குறைத்தது. இரண்டும் ஒரே ரத்த எண்ணைக் கொண்டு அனுமதி பெற்றவை. ஆனால் எடுத்துக்கொள்பவரின் அன்றாடத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இனி வரும் எந்த ஆய்விலும் அரிப்பு மதிப்பெண் ஓரத்தில் இடம்பெறும் அளவீடாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பயாப்சி

கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கான மருந்துகள் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வந்தன. தழும்பு எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. எனவே தழும்பு ஒரு படி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அது எப்படி அளக்கப்படுகிறது என்று சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். விலா எலும்புகளுக்கு இடையே மரத்துப்போகும் ஊசி போட்டு, நீண்ட ஊசியை ஒரு நொடி உள்ளே செலுத்தி எடுத்தால், நூல்போல ஒரு துண்டு வரும். நீளம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். மொத்தக் கல்லீரலில் அது 50,000இல் ஒரு பங்கு. தழும்போ கல்லீரல் முழுக்கச் சீராக விழுவதில்லை. 2005இல் பிரான்சில் 51 நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகள் எடுத்து ஒப்பிட்டார்கள். 41 சதவீதம் பேருக்கு இரண்டு துண்டுகளும் தழும்பின் அளவில் ஒரு படியோ அதற்கு மேலோ வேறுபட்டன. அதாவது ஒரு மருந்தும் கொடுக்காமலேயே, ஊசியை அரை அங்குலம் தள்ளிக் குத்தினாலே, நோய் ஒரு படி குறைந்ததாகவோ கூடியதாகவோ தோன்ற வாய்ப்பு இருக்கிறது.

துண்டு ஒன்றாகவே இருந்தாலும் பார்க்கும் கண்கள் வேறு. ஒரு ஆய்வில் 339 நோயாளிகளின் பயாப்சிகளை மூன்று நோய்க்குறியியல் நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். முழு உடன்பாட்டுக்கு 1, தற்செயலான உடன்பாட்டுக்கு 0 என்ற அளவில், தழும்பில் அவர்கள் ஒத்துப்போனது 0.48. அழற்சியில் வெறும் 0.33. இவர்கள் அனுபவமில்லாதவர்கள் இல்லை, இந்த வேலையில் ஊறியவர்கள். மாதிரியின் இயல்பே அப்படி.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஆய்வு கொடுக்கும் விலை, வெற்று மாத்திரைக் குழுவிலேயே தெரியும். ரெஸ்மெட்டிரோம் மருந்துக்கான மாஸ்ட்ரோ-நாஷ் ஆய்வில் 966 பேர், 52 வாரம். தழும்பு ஒரு படி குறைந்தவர்கள் மருந்துக் குழுக்களில் 24.2, 25.9 சதவீதம். எதுவும் எடுக்காதவர்களில் 14.2 சதவீதம். செமாக்ளுடைட் என்ற ஊசி மருந்தின் ஆய்வில் முதல் 800 பேரை 72 வாரம் பார்த்தபோது, தழும்பு அதிகரிக்காமல் அழற்சி மறைந்தவர்கள் 62.9 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 34.3 சதவீதம். வெற்று ஊசிக் குழுவில் மூன்றில் ஒருவர்! அதில் ஒரு பகுதி உண்மையான முன்னேற்றம்: ஆய்வில் சேர்ந்தவர்கள் எடையைக் குறைக்கிறார்கள், குடியை விடுகிறார்கள். இன்னொரு பகுதி ஊசி விழுந்த இடமும் பார்த்த கண்ணும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு மருந்து வலுவாக இருக்க வேண்டும். எலாஃபிப்ரானோர் என்ற மருந்து இதே நோயில் 2020இல் தோற்றது: அழற்சி மறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 19.2 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 14.7 சதவீதம். அதே மருந்து பின்னர் பிபிசி நோய்க்கு அனுமதி பெற்றது என்பதும் கவனிக்க வேண்டியது.

நோயாளி தரப்பிலும் பயாப்சி பெரும் தடை. வலி இருக்கும், அரிதாகக் கடுமையான ரத்தக்கசிவும் வரும். ஆய்வில் சேரவே ஒருமுறை குத்திக்கொள்ள வேண்டும். அதில் தகுதி இல்லை என்று தெரிந்து திருப்பி அனுப்பப்படுபவர்கள் ஏராளம். தகுதி பெற்றவர்கள் முடிவில் இன்னொருமுறை குத்திக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது ஊசிக்கு வராமல் போகிறவர்களின் விடை தெரியாமலே போகிறது. பயாப்சி படங்களைப் படிக்க உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் ஒப்புதல் அளித்திருக்கிறது. பார்க்கும் கண்ணின் தடுமாற்றத்தை அது குறைக்கும். ஊசி விழும் இடத்தின் தடுமாற்றத்தை அது எதுவும் செய்ய முடியாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு ரத்த எண்ணைவிடப் பயாப்சியையே நான் மேலாக மதிக்கிறேன். அது குறைந்தபட்சம் நோயையே பார்க்கிறது.

விறைப்பை அளக்கும் கருவி

ஃபைப்ரோஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலியில்லை, ஐந்து பத்து நிமிட வேலை, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், பயாப்சியைவிட நூறு மடங்கு பெரிய பகுதியை அளக்கிறது. விறைப்பு 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய நோய் அநேகமாக இல்லை, 25ஐத் தாண்டினால் கல்லீரல் ரத்தநாள அழுத்தம் கூடியிருக்கும் என்ற அளவுக்கு வழிகாட்டிகள் வந்துவிட்டன. ஆனால் சாப்பிட்டவுடன் அளந்தால் எண் ஏறும். அழற்சி கூடினால் ஏறும், இதயக் கோளாறால் ரத்தம் தேங்கினாலும் ஏறும். மருந்து அழற்சியைக் குறைத்ததால் எண் இறங்கியதா, தழும்பு குறைந்ததால் இறங்கியதா என்று பிரித்தறிய முடியாது. இன்றைய நிலையில் யாரைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கவும், நோயாளிகளை இடையிடையே கண்காணிக்கவும் இதைவிட நல்ல கருவி இல்லை. ப்ரெடெஸ்கி ஆய்வு குழாய் செலுத்திச் செய்த தேர்வைப் பெருமளவுக்கு இதைக்கொண்டே செய்துவிடலாம். ஆனால் வெற்றி தோல்வியை இது ஒன்றே தீர்மானிக்க விடமாட்டேன்.

அனுமதிக்குப் பிறகு வரும் முடிவு

சரி, ரத்த எண், பயாப்சி போன்ற பதிலி அளவுகோலை வைத்துத் தற்காலிக அனுமதி கொடுத்தாயிற்று. உண்மையான பயனை நிரூபிக்கும் நீண்ட ஆய்வை எப்படி நடத்துவது? ஒபெட்டிகோலிக் அமிலத்தின் பிற்பாதிக் கதை இங்கே வருகிறது. என் நிபந்தனையும் இதிலிருந்துதான் பிறந்தது.

கோபால்ட் என்ற அந்த ஆய்வு 2014 கடைசியில் தொடங்கியது. ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கும்போதே 2016இல் மருந்து கடைக்கு வந்துவிட்டது. இப்போது நோயாளியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஆய்வில் சேர்ந்தால் பாதி வாய்ப்பு வெற்று மாத்திரைக்கு, அதுவும் பல ஆண்டுகளுக்கு. வெளியே போனால் மருத்துவர் அதே மருந்தை எழுதித் தருவார். அரிப்பு வருகிறதா, ரத்த எண் இறங்குகிறதா என்பதை வைத்துத் தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று பலரால் ஊகிக்கவும் முடிந்தது. விலகி வெளியே மருந்து வாங்கிக்கொண்டவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆய்வு கரைந்தது. 334 பேரோடு 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. மோசமான விளைவு நேர்ந்தது மருந்துக் குழுவில் 28.6 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 28.9 சதவீதம்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். மருந்துக்குப் பயனே இல்லை என்பது ஒன்று. வெற்று மாத்திரைக் குழு மருந்தைத் தேடிப் போனதால் வித்தியாசம் மறைந்துபோனது என்பது மற்றொன்று. நிறுவனம் இரண்டாவதைச் சொன்னது. ஆதாரமாக, ஆய்வுக்கு வெளியே, காப்பீட்டுப் பதிவுகளில் உள்ள நோயாளிகளோடு ஒப்பிட்டுக் காட்டியது. அந்த ஒப்பீட்டில் மருந்து எடுத்தவர்களின் ஆபத்து பாதிக்கும் குறைவு.

எதை நம்புவது? வெளித்தரவு ஒப்பீட்டுக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. யாருக்கும் வெற்று மாத்திரை கொடுக்க வேண்டாம், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் ஆய்வில் சேர்பவர்கள் பொதுவாகவே சற்றுத் தெம்பானவர்கள், ஒழுங்காக மருத்துவமனைக்கு வருபவர்கள். பதிவேட்டில் இருப்பவர் அப்படி இருக்க வேண்டியதில்லை. வயது, பிலிருபின் எல்லாம் சமப்படுத்தினாலும், எழுதி வைக்கப்படாத வித்தியாசங்களைச் சமப்படுத்த முடியாது. ஒரே மருந்துக்கு உள் ஒப்பீடு பூஜ்யம் என்றும் வெளி ஒப்பீடு பெரும் பயன் என்றும் சொன்னால், நான் உள் ஒப்பீட்டின் பக்கம்தான் சாய்வேன். கண்காணிப்பு அமைப்புகளும் அப்படியே சாய்ந்தன. சிரோசிஸ் இல்லாத நோயாளிகளில், மருந்து எடுத்த 81 பேரில் 7 பேருக்கு மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது, எடுக்காத 68 பேரில் ஒருவருக்கு மட்டும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஐரோப்பாவில் அந்த ஆண்டே அனுமதி ரத்தானது. 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்தும் மருந்து விலக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் மக்கள் அதை எடுத்திருக்கிறார்கள். அதில் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியாத நிலை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

அடுத்து வந்தவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். நீண்ட ஆய்வு தொடங்கியிருந்தால்தான் துரித அனுமதி என்று வலியுறுத்தும் அதிகாரத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் கொடுத்தது. செமாக்ளுடைட் ஆய்வில் 1,197 பேர் முன்கூட்டியே சேர்ந்துவிட்டார்கள். அதில் 800 பேரின் பயாப்சியை வைத்து 2025இல் அனுமதி, மீதி 240 வாரம்வரை தொடர்கிறது. ரெஸ்மெட்டிரோம் மருந்துக்கு, சிக்கல் வராத சிரோசிஸ் நோயாளிகள் 800க்கு மேற்பட்டோரை வைத்து முதல் சிக்கலை எதிர்பார்க்கும் தனி ஆய்வு நடக்கிறது. நான் கேட்கும் அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். இருந்தாலும் சேர்ந்தவர்கள் கடைசிவரை இருப்பார்களா என்பதைச் சட்டத்தால் உறுதிசெய்ய முடியாது. வெற்று மாத்திரைக் குழுவில் ரத்த எண்ணோ விறைப்போ குறிப்பிட்ட அளவு மோசமானால் உண்மையான மருந்துக்கு மாற்றிவிடும் ஏற்பாடு ஆய்வுத் திட்டத்திலேயே இருக்க வேண்டும். அப்படி மாறுவதையும் ஒரு விளைவாக எண்ண வேண்டும். ஆள் விலகி மறைந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த நோய்க்கு எது

கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு: பயாப்சியில் தற்காலிக அனுமதி, கூடவே சிரோசிஸ் நோயாளிகளில் முதல் சிக்கல். நோயாளிகள் எண்ணிக்கை இதற்குத் தாங்கும். பிபிசிக்கு: அல்கலைன் பாஸ்பேடேஸோடு பிலிருபின், விறைப்பு, அரிப்பு மூன்றும் ஒரே திசையில் போனால் மட்டும் அனுமதி, நீண்ட ஆய்வு சிரோசிஸ் வந்தவர்களில். அங்கே ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் இருப்பதால், புதியதை வெற்று மாத்திரையோடு ஒப்பிடாமல், இருக்கும் மருந்தோடு ஒப்பிடும் காலம் வந்துவிட்டது.

பிஎஸ்சிதான் எல்லாவற்றிலும் கடினம். நோயின் போக்கை மாற்றும் என்று நிரூபணமாகி அனுமதி பெற்ற மருந்து எதுவும் இதற்கு இல்லை. ரத்த எண் தானாகவே ஏறி இறங்கும். ஒரு குழாய் அடைபட்டால் ஏறும், அடைப்பு நீங்கினால் இறங்கும், மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நோய் பித்தக்குழாய்களில் திட்டுத்திட்டாக இருப்பதால் பயாப்சியில் சிக்கினாலும் சிக்கும், சிக்காமலும் போகும். புற்றுநோய் எந்தக் கட்டத்திலும் வரலாம். மேலே சொன்ன நான்கு வழிகளில் எதுவும் இங்கே நேராகப் பொருந்தாது. இங்கே நான் பார்ப்பது, எம்ஆர்ஐயில் பித்தக்குழாய்களின் நிலை, விறைப்பு, பித்தக்குழாய்த் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தது ஆகியவற்றைச் சேர்த்து எண்ணும் ஆய்வை. பல நாடுகள் ஒரே பதிவேட்டில், ஒரே முறையில் குறித்து வைத்தால்தான் இந்தச் சேர்க்கை எவ்வளவு உண்மை சொல்கிறது என்று சோதிக்க முடியும். இந்த நோயுள்ள ஒருவர் என்னிடம் ஆய்வில் சேரலாமா என்று கேட்டால், ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியைத் தேடச் சொல்வேன்: மருந்து நின்ற பிறகும் இன்னும் எத்தனை ஆண்டு என்னைப் பின்தொடர்வீர்கள்? 2009 ஆய்வின் தீங்கு ஆறாம் ஆண்டில்தான் தெரிந்தது. ஓராண்டோடு கோப்பை மூடிவிடும் ஆய்வாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொருமுறை யோசிக்கச் சொல்வேன்.